செம்பு யாருக்கு, புகை யாருக்கு?

பரவைக் கண்மாய்க் கரையில், கழித்துப்போட்ட டி.வி., கம்ப்யூட்டர் வயர்களைக் கொளுத்தும் புகைக்குள்தான் நான் வளர்ந்தேன். மேலுறை பி.வி.சி. எரிந்து செம்பு மிஞ்சும். டையாக்சின் என்ற நஞ்சு எங்க பிள்ளைக நெஞ்சுக்குள்ள போகும். இத்தனைக்கும் கருகின செம்புக்குக் காயலான் கடையில் விலை குறைவு. உரிக்கிற மெஷின் இருந்தால் புகையுமில்லை, காசும் கூடும். ஆலைக்காரன் பிரித்தெடுத்தால் உலோகவியல்; சேரிக்காரன் பிரித்தெடுத்தால் குப்பை பொறுக்குறவன்!

மின்னணுக் கழிவைப் பிரிக்கும் தொழிலாளரைப் பதிவு செய்வதும், பயிற்சி தருவதும், உடல்நலத்தைக் கண்காணிப்பதும் மாநில அரசின் பொறுப்பு என்று 2016 விதிகள் சொல்லியிருந்தன. 2022 விதிகளிலும் அது இருக்கிறது. எங்க தெருவுக்கு நோட்டும் பேனாவுமாய் ஒருத்தரும் வந்ததில்ல. தோழர்களே, பெயர்ப்பட்டியலை நாமே எழுதி எடுத்துப் போவோம். மெஷினையும் சேர்த்தே கேட்போம்.