விடுதிப் பணியாளரின் கடமை எங்கே முடிகிறது?

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில், பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் சென்றதாலோ, படிப்பின் பொருட்டோ, பெற்றோரை இழந்ததாலோ விடுதிகளிலும் இல்லங்களிலும் வளரும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிப்பதோடு பணியாளரின் பொறுப்பு நிறைவடைந்துவிடுவதில்லை என்பதே எங்கள் கருத்து.

நம் மாவட்டத்துக் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்புஜோதி ஆசிரமத்தில் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் சோதனை நடத்தியதை வாசகர்கள் அறிவர். காணாமற்போன ஒருவருக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட ஆட்கொணர்வு மனுவே அதற்கு வழிவகுத்தது. 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மனநோயுற்றோரும் ஆதரவற்றோரும் ஆவர். பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் எழுந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். ஆயினும், உள்ளே நடப்பதை வெளியுலகம் அறிய ஒரு நீதிமன்ற மனு தேவைப்பட்டது என்பதை நாம் எளிதாகக் கடந்துவிட இயலாது.

பீகாரின் முசாபர்பூர் சிறுமியர் இல்லத்தில் நிகழ்ந்த கொடுமைகள், 2018இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆய்வறிக்கையால் வெளிப்பட்டன. 2020இல் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. இல்லத்தின் பெண் பணியாளர்களும் அவர்களுள் அடங்குவர். குழந்தைகள் பாதுகாப்புத் துறையின் அதிகாரி ஒருவர், அறிந்ததைத் தெரிவிக்கத் தவறியமைக்காகவே தண்டிக்கப்பட்டார்.

"மேலாளரிடம் சொல்லிவிட்டேன்; என் கடமை முடிந்தது" என்று பணியாளர் எண்ணுவது இயல்பு. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவரும், நிகழக்கூடும் என்று ஐயுறுபவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்துடன் தகவல் அளிப்பவருக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. சமையலர், காவலாளி, விடுதிக் காப்பாளர் ஆகிய எவருக்கும் இதில் விலக்கில்லை. மருத்துவர்களாகிய எங்களுக்கும் இல்லை.

நிறுவனத்தின் நற்பெயர் கெடும் என்று தயங்குவோர் உண்டு. அத்தயக்கம் நீளும் ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை அதே கூரையின்கீழ், அதே மனிதருடன் இரவைக் கழிக்க வேண்டியுள்ளது. வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஓடிச்செல்லப் பாட்டியோ அத்தையோ இருப்பர்; விடுதிப் பிள்ளைக்குப் பணியாளரே எல்லாம். அவர் வாய்மூடினால் பிள்ளைக்கு வேறு நாதியில்லை.

பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் சில சொற்கள். இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழோ, தமிழ்நாட்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழோ பதிவு பெற்றுள்ளதா என்று கேளுங்கள். செல்லும்போதெல்லாம் பிள்ளையுடன் தனியே பேசுங்கள். தனியே பேச அனுமதி மறுக்கும் இடத்தை ஐயத்துடன் நோக்குங்கள். காரணம் கூற இயலாத காயங்கள், புதிதாகத் தோன்றும் படுக்கையில் சிறுநீர் கழித்தல், அடிக்கடி வரும் வயிற்றுவலி, உறக்கமின்மை, ஒரு குறிப்பிட்ட நபரைக் கண்டு அஞ்சுதல் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரை அணுகுங்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அதனைக் கண்டறிவது எங்கள் பணி. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான குழந்தைக்கு அவசர சிகிச்சை அளிக்கக் காவல்துறையின் கடிதமோ வேறு ஆவணமோ முன்கூட்டியே தேவையில்லை. குழந்தையின் பெயரும் அடையாளமும் வெளியிடப்படக் கூடாது என்பதும் சட்டமே.

பிள்ளை ஏதேனும் சொன்னால் முதலில் நம்புங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அடக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, நாள் முழுவதும் இயங்கும் கட்டணமற்ற எண். விடுதியில் பணிபுரிவோர் இந்த எண்ணைப் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள். தேவைப்படும் நாளில் நீங்களே முதலில் அழையுங்கள்.