நின்று நின்று ஓடும் மிஷின்

ஸ்டார்ட்டே ஆகாத மிஷினோடு குடித்தனம் நடத்திவிடலாம். ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிஷம் ஓடி, ஒரு தென்னையைச் சுற்றி வெட்டி முடிப்பதற்குள் நின்றுவிடுகிற மிஷினோடு முடியாது.

எங்கள் தோப்பில் இருக்கும் புல் வெட்டும் மிஷின் இந்த இரண்டாவது ரகம். தோளில் பெல்ட் மாட்டிக்கொண்டு வெட்டுகிற டூ ஸ்ட்ரோக். பழசுதான், ஆனால் ஓடுகிற வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. நின்றுவிட்டால் சோக்கைப் போட்டு இழு, சோக்கை எடுத்து இழு, பெட்ரோல் குமிழை அமுக்கி இழு என்று தோள்பட்டை கழன்றுவிடும். வெறுத்துப்போய் ஓரமாக வைத்துவிட்டு டீ குடித்து வந்தால், முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். மறுபடி பத்து நிமிஷம். கோபி பக்கம் ஐப்பசி மழை விட்டதும் புல் முழங்காலுக்கு வந்துவிடுகிறது; அரிவாள் பிடித்து அறுக்க ஆள் கிடைப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இது இத்தனை ஆட்டம் ஆடுகிறது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் சாது. அரை நிமிஷம் உறுமவிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்களே ஓடுது" என்பார். பிறகு பிளக்கை மாற்றிக் கொடுப்பார். எதிர்த் தோட்டத்துக்காரர், மச்சினன், ஆயில் கடைக்காரர், யாரிடம் புலம்பினாலும் முதல் கேள்வி "பிளக் மாத்தினீங்களா?" மாற்றிய பிளக்கெல்லாம் ஒரு டப்பாவில் கிடக்கின்றன. எல்லாமே நன்றாக நெருப்பு விடுகிற பிளக்குகள்.

இந்த நோயை மிஷின் நின்ற கையோடு, அதே இடத்தில் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் முனை ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? ஈரமென்றால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் வரவில்லை. காயில் மேல் சந்தேகப்படலாம். சில காயில்கள் சூடேறினால் செத்து, ஆறினால் பிழைக்கும். எங்களுடையது காய்ந்திருந்தது. அப்படியானால் பெட்ரோலே வந்து சேரவில்லை. அடுத்தது டேங்க் மூடி. அதில் காற்று உள்ளே போக ஊசிமுனை அளவு வழி உண்டு; தூசியும் ஆயிலும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடமாகி கார்பரேட்டரால் இழுக்க முடியாது. நின்றவுடன் மூடியைத் திருகினால் 'உஸ்' என்று சத்தம் வரும். எங்களுடையதில் வரவில்லை.

கம்பியை வளைத்து டேங்குக்குள் விட்டு பெட்ரோல் டியூபை வெளியே இழுத்தபோதுதான் சங்கதி தெரிந்தது. தொட்ட விரலில் கறுப்பு ஒட்டியது. வளைத்தால், ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கார்பரேட்டரைப் பிரித்தால், துணி போலத் துவள வேண்டிய டயாஃப்ரம் விறைத்து நிற்கிறது. அது துடித்தால்தான் பெட்ரோல் ஏறும்.

பழைய ரப்பர், வயசாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லையே! 10 சதவீத எத்தனால் கலப்பை 2022-லேயே எட்டினார்கள். 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீதத்தை முன்னுக்கு இழுத்து 2025-ல் எட்டிவிட்டார்கள். கரும்புக்காரனுக்கு நல்லது என்கிறார்கள். எங்கள் ஊரிலும் கரும்பு உண்டு, அதற்காகச் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பேச்செல்லாம் கார், பைக்கைப் பற்றித்தான். பைக்கில் போட்டது சில நாளில் தீர்ந்துவிடும். இந்த மிஷினில் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே மாசக்கணக்கில் கிடக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் அதோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டியூபின் வாய் இருப்பதும் அடியில்தான். பழைய ரப்பருக்கும் எத்தனாலுக்கும் ஆகாது. சரி, அவ்வப்போது கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம் என்றால், கேனைப் பார்த்ததும் பங்கில் கையை விரிக்கிறார்கள். பைக் டேங்கில் போட்டுவந்து, வீட்டில் உறிஞ்சி எடுத்து டூ-டி ஆயில் கலக்க வேண்டியிருக்கிறது.

மாற்றுச் சாமான் கேட்டுப் போனால் அடுத்த எரிச்சல். "இது பழைய மாடலுங்க, சாமான் வர்றதில்ல. புதுசு எடுத்துக்குங்க." கார்பரேட்டரையே கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டியபின், அதே கடையில், அதே ஆள், உள்ளே போய் டயாஃப்ரம் செட்டை எடுத்துவந்தார். டியூபும் செட்டும் சேர்ந்தே, மாற்றிய பிளக்குகளின் விலை வராது. இப்போது மிஷின் டேங்க் காலியாகும்வரை ஓடுகிறது.

மிஷின் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, கார்பரேட்டரில் மிச்சம் இருப்பதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடச் சொல்லி, டேங்க்மேல் தமிழில் ஒரு வரி ஒட்டிக் கொடுங்கள். உள்ளே இருக்கும் இங்கிலீஷ் புத்தகத்தை யாரும் பிரிப்பதில்லை.