படம் தப்பில்ல சாமி, படிக்கிறதுதான் தப்பு!

மேக்3-ல் ஜி-கோடை ஏத்தினதும் டூல்பாத் விண்டோ பூரா ராட்சச வட்டமா கிடக்கா? உடனே ஒருத்தர் வந்துடுவார், "கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க சார்"னு. எங்கேருந்துதான் வர்றாங்களோ! இதை நம்பி நானும் ரெண்டு நாள் டிரைவரை ஏத்தி இறக்கினேன், ஹி ஹி.

விஷயம் ரொம்பச் சின்னது. ஜி2, ஜி3-ல் வளைவோட மையத்தை ஐ, ஜே-ன்னு கொடுக்கிறோம். அது வளைவு தொடங்குற இடத்திலிருந்து எண்ணினதா இருக்கலாம் (ஜி91.1), பூஜ்யப் புள்ளியிலிருந்தும் இருக்கலாம் (ஜி90.1). கேம் மென்பொருள் ஒண்ணை நினைச்சு எழுத, கன்ட்ரோலர் இன்னொண்ணா படிச்சா கூத்துதான்.

டூல் எக்ஸ்50 ஒய்0-ல நிக்குதுன்னு வைங்க. அடுத்த வரி: ஜி2 எக்ஸ்60 ஒய்10 ஐ10 ஜே0. முதல் முறையில் மையம் 60,0. ஆரம் 10 மி.மீ., ஒழுங்கான கால்வட்டம். ரெண்டாவதில் மையம் 10,0 ஆயிடும், ஆரம் 40! கிட்டத்தட்ட முழுவட்டமே சுத்தணும். முடிவுப் புள்ளி அந்த வட்டத்தில்கூட இல்லை. இதுல கார்டு என்ன பண்ணும், பாவம்? லினக்ஸ்சிஎன்சி-யாவது ஆரம் பொருந்தலைன்னு எர்ரர் போட்டு நின்னுடும்.

விண்டோ காலியா கிடந்தா, மினுக்கினா டிரைவரைச் சந்தேகப்படுங்க, ஒத்துக்கறேன். ஆனா "டிஸ்ப்ளேதானே, மெஷின் சரியா வெட்டும்"னு சைக்கிள் ஸ்டார்ட்டை அமுக்கச் சொல்றாங்க பாருங்க, அவங்களை மன்னிக்கவே முடியல. அய்யா, மெஷினும் அதே வட்டத்தைத்தான் வெட்டும். வழியில கிளாம்ப் இருந்தா அதையும் சேர்த்து!

கான்ஃபிக்ல ஐஜே மோடை மாத்திட்டு, டூல்பாத்தை ரீஜெனரேட் பண்ணுங்க. போஸ்ட் ப்ராசஸர்லயே கோட் தலைப்புல ஜி91.1 போட்டுட்டா இன்னும் நிம்மதி. கார்டுக்கு வச்ச காசுல நாலு எண்ட்மில் வாங்கிக்கலாம்.