குண்டு டிவியில் செத்த வாத்து தட்டைத் திரையில் ஏன் சாகவில்லை?

தமிழக அரசு 2006-ல் இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலம், பின்பக்கம் பெருத்த குண்டு டிவி. காட்டுமன்னார்கோயில் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் வண்ணத் திரை. பெரியவர்கள் சீரியல் பார்த்தார்கள். பையன்கள் டிவி கேம் பெட்டியைச் செருகினார்கள். அந்தப் பெட்டிகள் சிலவற்றோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். திரையில் பறக்கிற வாத்தைக் குறிபார்த்துச் சுட வேண்டும்.

பிற்பாடு குண்டு டிவி போய் தட்டை டிவி வந்தது. பரணில் கிடந்த பழைய பெட்டியை ஆசையாக எடுத்து மாட்டினால் படம் வரும், சத்தம் வரும், வாத்து மட்டும் சாகாது. திரையில் துப்பாக்கியை ஒட்டிவைத்துச் சுட்டாலும் சாகாது!

கோளாறு துப்பாக்கியில் இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். எல்லாம் செகண்டில் அறுபதில் ஒரு பங்குக் கணக்கு. குண்டு டிவி சிக்னல் வர வரவே கோடு கோடாக வரைந்துகொண்டு போகும். தட்டைத் திரையோ சிக்னலை வாங்கி, தன் அளவுக்கு நீட்டி, மெருகேற்றி, அதன்பிறகுதான் காட்டும். வெள்ளைக் கட்டம் வந்து சேர்வதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்து, "குறி தப்பியது" என்று தீர்ப்பும் சொல்லியிருக்கும்.

கேம் ஆடத் தட்டைத் திரை வாங்குகிற எவரும் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தாமதத்தைப் பற்றித்தான். ஆனால் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ பஸ் ஏறிப் போகிற மாணவர் கேட்பது "எத்தனை இன்ச்?" என்று. கடைக்காரரும் அதற்குத்தான் பதில் சொல்வார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

தட்டைத் திரை விளையாட்டுக்காக வந்த பொருளே அல்ல. 2000-களின் தொடக்கத்தில் வந்த எல்.சி.டி. மானிட்டர்களில் ஒரு புள்ளி நிறம் மாற 25 மில்லி செகண்ட் வரை எடுத்துக்கொண்டது. ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் வால் முளைக்கும். அதனால்தான் கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியாளர்கள் அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதி குண்டு மானிட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செகண்டுக்கு 100 முறை புதுப்பிக்கிற, தாமதமே இல்லாத திரையை எந்த மடையன் விடுவான்?

ஆனாலும் தட்டைத் திரை ஜெயித்தது. மேசையில் இடம் அடைக்கவில்லை, ஒரே ஆளால் தூக்க முடிந்தது, மின்சாரத்தைக் குறைவாகக் குடித்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தை நினைத்துப் பார்த்தால் புரியும். குண்டு மானிட்டரோடு யு.பி.எஸ். சீக்கிரமே கூவ ஆரம்பித்துவிடும். தட்டைத் திரை இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆட்டத்துக்கு எது சிறந்தது என்ற கேள்விக்கே அங்கே இடம் இருக்கவில்லை.

வேகம் பிறகுதான் வந்தது, அதுவும் வேறு வேலையாக வந்தது. 2009-ல் சாம்சங் விற்ற 2233ஆர்இசட் என்ற 22 அங்குல மானிட்டர் செகண்டுக்கு 120 முறை புதுப்பித்தது. முப்பரிமாணக் கண்ணாடிக்காக (கண்ணுக்கு 60 வீதம் இரண்டு கண்ணுக்கு 120) செய்த ஏற்பாடு அது. முப்பரிமாணம் போன இடம் தெரியவில்லை. 120 ஹெர்ட்ஸ் மட்டும் தங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. குண்டுத் திரையில் ஒவ்வொரு படமும் மின்னி அணைந்துவிடும். தட்டைத் திரை அடுத்த படம் வரும்வரை பழையதை அப்படியே பிடித்து வைத்திருக்கும், 60 ஹெர்ட்ஸில் என்றால் 16.7 மில்லி செகண்ட். நகரும் பொருளைத் தொடர்ந்து கண் ஓடுகிறது, படமோ நிற்கிறது, பார்வைக்கு மங்கல். புதுப்பிக்கும் வேகம் கூடக் கூட அந்த மங்கல் குறையும்.

அதனால் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் "1 மில்லி செகண்ட்" ஸ்டிக்கரைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. புள்ளி நிறம் மாறும் வேகம் அது, அதுவும் பெரும்பாலும் நிறுவனம் தனக்குச் சாதகமான அமைப்பில் அளந்தது. எலியை அசைத்ததற்கும் திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதம் வேறு சங்கதி. அதை ஸ்டிக்கரில் பார்ப்பது அரிது. பெரிய டிவியையே மானிட்டராக வைத்து ஆடுகிறவர்கள் படும் பாடு இதுதான். அதற்கு மருந்து பல டிவிகளில் ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்கில் 'கேம் மோட்' போட்டால் மெருகேற்றும் வேலைகள் பலவற்றை அது நிறுத்திவிடும். படம் கொஞ்சம் வெளிறும், கை மட்டும் சொன்னபடி கேட்கும். காசு செலவில்லை.

அடுத்தது கிராபிக்ஸ். கம்ப்யூட்டர் செகண்டுக்கு 40 படம் மட்டும் தயாரிக்கும்போது 144 ஹெர்ட்ஸ் திரை என்ன செய்யும்? வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் வீராணத்தின் மதகு விடுகிற தண்ணீர்தான் வயலுக்கு வரும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் கனமான கேம் ஆடுகிறவர் முதலில் மதகைப் பார்க்க வேண்டும். பழைய கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி லேசான ஆட்டம் மட்டும் ஆடுகிறவர் விஷயம் வேறு. அவருக்கு வேகமான திரை உண்மையிலேயே உதவும்.

விலையிலும் ஒரு கணக்கு உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது 20 அங்குலம் வரையிலான கணினி மானிட்டருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீதம். கேம் ஆடுகிறவர் தேடுகிற 24 அங்குலம் ஏதோ ஆடம்பரப் பொருள் மாதிரி! 2019 ஜனவரியில் 32 அங்குலம் வரை 18 சதவீதமானது. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் 18தான். அதனால் 24 அங்குலம் பார்க்கிறவரிடம் யாராவது "இப்போதான் வரி குறைஞ்சிருக்கு, உடனே வாங்குங்க" என்றால் நம்ப வேண்டாம். அந்த அளவுக்கு 2025-ல் ஒன்றும் குறையவில்லை.

இவ்வளவும் பார்த்து 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி வந்து, பழைய கேபிளை மாட்டி, விண்டோஸில் 60 என்று இருப்பதை மாற்றாமலே மாதக்கணக்கில் ஆடி, "செம ஸ்மூத்" என்று நண்பர்களிடம் பெருமை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் 'ரெஃப்ரெஷ் ரேட்' என்று ஒரு வரி இருக்கிறது. வாங்கி வந்த அன்றைக்கே அதைப் போய்ப் பார்க்க வேண்டும்.