பால் காய்ச்ச யார் வருவார்?



ஒருபொருட் பன்மொழி நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு மாணவனின் நினைவு வரும். வீடு, இல்லம், மனை, அகம் என்று வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஐயா, இல்லமும் வீடும் ஒண்ணா?" ஆமாம் என்றேன். அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சிறுவர் இல்லம் ஒன்றில் வளர்பவன் அவன் என்பது அன்று மாலை வகுப்பாசிரியர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதை அவன் என்னைவிட நன்றாக அறிந்திருந்தான்.

அவனைப் போன்றவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். பிள்ளைப் பருவம் முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறும் இளையர்கள் எங்கே போகிறார்கள்? முதன்முதலாகத் தமக்கென்று ஒரு கதவைத் திறக்கும்போது அவர்களுடன் யார் நிற்கிறார்கள்?

ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறும் எழுத்தும் கொடுப்பதென்றால் நம்மவர்கள் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. ராமகிருஷ்ண மிஷன் 1928இல் சிங்கப்பூரில் பணியைத் தொடங்கியது. லிட்டில் இந்தியாவின் நோரிஸ் சாலையில் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியது. பின்னர் பார்ட்லி சாலையில் சிறுவர் இல்லம் அமைத்தது. நம் பிள்ளைகளின் கல்விக்கென்றே 1991இல் சிண்டா தோன்றியது. தீபாவளிக்கு இல்லங்களுக்குப் புத்தாடையும் பலகாரமும் கொண்டுபோகும் குடும்பங்களை நானே அறிவேன். ஆனால் அதே பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டால் நம் கவனம் அடுத்த சிறுவனிடம் போய்விடுகிறது. அரும்பு மீசைக்காரனுக்கு யார் பலகாரம் கொடுப்பார்?

என் மாணவன் தேசிய சேவைக்குப் போனான். முகாமில் படுக்கை உண்டு, மூன்று வேளை உணவு உண்டு. திங்கள் முதல் வியாழன் வரை அவனுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை என்பான். வெள்ளிக்கிழமை மாலைதான் தொல்லை. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு "வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்புவார்கள். இவனும் கிளம்புவான். தேக்கா நிலையத்தில் ஒரு தேநீரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். பிறகு எந்த நண்பனுக்குத் தொலைபேசியில் அழைத்தால் கூச்சமில்லாமல் இருக்கும் என்று யோசிப்பான். இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னது பல ஆண்டுகள் கழித்து. அப்போதே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்நாளில் அவனைச் சந்தித்தபோதெல்லாம் "தம்பி, தன் காலில் நிற்கக் கற்றுக்கொள்" என்று அறிவுரை வழங்கியவன் நான்.

என் மகன் அவனைவிட மூன்று வயது மூத்தவன். பட்டம் பெற்றான், வேலைக்குப் போனான், திருமணம் நிச்சயமாகிப் புது வீட்டின் சாவி கைக்கு வரும் வரை எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவனுடைய சட்டையை அவன் அம்மாதான் துவைத்தாள். அவனைப் பார்த்துத் தன் காலில் நில் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் உறவினர்கள் என்னைத்தான் ஏசுவார்கள். இருபத்தெட்டு வயதுவரை நம் பிள்ளைகளுக்கு நாம் கேட்காத ஒன்றை, தாங்கிப் பிடிக்க யாருமில்லாத பிள்ளையிடம் பதினெட்டிலும் இருபத்தொன்றிலும் கேட்கிறோம்.

விதிகளையும் சற்றுப் பார்ப்போம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை மணமாகாத ஒருவர் தனியாக வாங்க 35 வயது ஆகியிருக்க வேண்டும். 2013 ஜூலையில் தனியாட்களுக்குப் புதிய ஈரறை வீடுகள் சில வட்டாரங்களில் திறந்துவிடப்பட்டன. 2024 அக்டோபர் முதல் எல்லா வட்டாரங்களிலும் அவ்வகை வீடுகளுக்கு அவர்கள் விண்ணப்பிக்கலாம். நல்ல மாற்றங்கள்தாம். ஆயினும் வயது அதே 35. பெற்றோர் இருவரையும் இழந்தவருக்கு மட்டும் 21 போதும் என்ற விலக்கு உண்டு. அந்த விலக்கில்தான் என் மனம் சிக்கிக்கொள்கிறது. இல்லத்தில் வளர்பவர்கள் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். தந்தை சிறையில் இருக்கலாம். தாய் மனநோயில் தவிக்கலாம். அடித்துத் துன்புறுத்திய வீட்டிலிருந்து பிள்ளையைப் பிரித்து எடுத்திருக்கலாம். காகிதத்தில் அவர்களுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள். ஆகவே இருபத்தொன்றாம் வயதில் விலக்கு இல்லை. வாடகை வீட்டுக்கும் தனியாட்களுக்கு இவ்வயது வரம்பே அடிப்படை. தனிப்பட்டவரின் நிலையைக் கருதி அதிகாரிகள் உதவுவதும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் கெஞ்சிக் கேட்டுப் பெறுவதும் உரிமையாகப் பெறுவதும் ஒன்றா?

சட்டம் அசையாத ஒன்றன்று. சிறார், இளையர் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 16 வயதுக்குட்பட்டோருக்கு இருந்த பாதுகாப்பு 18 வயதுக்குட்பட்டோருக்கும் விரிந்தது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 18 வயதில் இல்லத்தை விட்டுச் செல்பவருக்குப் பின்னாதரவு தர வழிவகுத்திருக்கிறது. நடைமுறை எப்படியோ, ஏட்டிலாவது இருக்கிறது. இங்கிலாந்தில் 2014 முதல் வளர்ப்புக் குடும்பத்துடனேயே 21 வயதுவரை தொடர்ந்து இருக்கலாம்; 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி 25 வயதுவரை ஓர் ஆலோசகரின் துணையைக் கேட்டுப் பெறலாம். இங்கே நான் வேண்டுவது பெரிதன்று. நீதிமன்ற ஆணையின் பேரில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ந்தவரை, வீட்டு விண்ணப்பத்தின் பொருட்டாவது, பெற்றோரை இழந்தவருக்கு இணையாகக் கொள்ளலாமே.

சட்டம் மாறும்வரை அவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் வாடகை அறைதான். முதல் மாத வாடகையோடு ஒரு மாத முன்பணத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தியருக்கு இல்லை என்ற வரியைத் தாங்கிவரும் அறை விளம்பரங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் மேலே ஒப்பந்தம் என்று ஒரு தாள். மாணவருக்கு மின்னஞ்சல் எழுதக் கற்பிக்கிறோம், கருத்துணர்தல் கற்பிக்கிறோம். வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைக் கருத்துணர்தல் பகுதியாகக் கொடுத்தால் என்ன என்று ஆசிரியர் கூட்டம் ஒன்றில் கேட்டேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு உயர்நிலை நான்கில் மின்கட்டணப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அதில் பாதி விளங்கவில்லை. ஆனால் அவர்களுக்கு விளங்காவிட்டால் அப்பாவைக் கேட்பார்கள்.

கேட்பதற்கு ஒருவர். பெற்றோர்களாகிய உங்களிடம் நான் வேண்டுவது அதுவே. நன்கொடை வேண்டா. ஒரு குடும்பம், ஓர் இளையர். ஞாயிற்றுக்கிழமை சோற்றில் ஒரு தட்டு அதிகம். இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் சலித்துக்கொள்ளாத ஒரு தொலைபேசி எண். இதற்கென ஓர் அமைப்பு தொடங்கித் தலைவர், செயலாளர் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. (நம்மவர்கள் முதலில் அதைத்தான் செய்வார்கள்.) இல்லத்தில் இருக்கும்போதே, பதினைந்து பதினாறு வயதிலேயே பழகத் தொடங்க வேண்டும். வெளியேறிய பிறகு தேடிப் போனால் இரக்கம் காட்ட வந்தவர்களாகத்தான் தெரிவோம். ஒன்றிரண்டு முறை போய்விட்டு நின்றுவிடுவதாக இருந்தால் போகாமலே இருப்பது நல்லது. அப்படி நின்றுபோனவர்களை அப்பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

என் மாணவனுக்கு நான்காண்டுகளுக்கு முன் பூன் கெங் வட்டாரத்தில் ஓர் அறை கிடைத்தது. குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், சமைக்கக் கூடாது என்பன நிபந்தனைகள். வெள்ளிக்கிழமை குடிபோகிறேன் ஐயா, நீங்கள் வர முடியுமா என்று கேட்டான். பால் காய்ச்ச வேண்டாமா என்றாள் என் மனைவி. அடுப்பைத் தொடக் கூடாதே! எங்கள் வீட்டில் காய்ச்சி, வெந்நீர்க் குடுவையில் ஊற்றி எடுத்துப்போனோம். பஃபலோ சாலையில் வாங்கிய சிறு குத்துவிளக்கையும் கொண்டுபோனோம். வீட்டுக்காரச் சீன மூதாட்டி எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு குவளை கொடுத்தோம்.

மறுவாரம் இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. அறையில் மின்சாரம் திடீரென்று நின்றுவிட்டதாம், மூதாட்டி உறங்கிவிட்டாராம், என்ன செய்வது என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. மகனை எழுப்பிப் பேசச் சொன்னேன். வாசலருகே பெட்டி இருக்கும், அதில் கீழே விழுந்திருக்கும் விசையைத் தூக்கிவிடு என்றான் அவன். விளக்கு எரிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் இருவரும் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் படுக்கப் போய்விட்டேன்.