ரயருக்குக் காசு குடுக்கிறவரும் ரயரில சறுக்கிறவரும்

கடந்த சில வருசங்களில் எங்கட பட்ச்சிலும் ஊரிலும் இருந்து கனடாவுக்குப் போன பெடியளைக் கணக்கெடுத்தால் ஒரு பஸ் நிரம்பும். போன கொஞ்ச நாளிலேயே அவர்களில் கனபேர் வேறை ஆக்களின்ர பிக்கப்பை ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். கூரை வேலை, பெயின்ற் வேலை, சாமான் ஏத்தி இறக்கிறது, பனி வழிக்கிறது எல்லாத்துக்கும் அதுதான் வண்டி. வெள்ளைப் பனிக்கு நடுவில பிக்கப்போட நிண்டு படம் போடுவார்கள். நாங்களும் ‘மாஸ்’ என்று கொமென்ற் அடிப்போம். நான் பார்க்கச் சொல்வது அந்தப் படத்தின் கீழ்ப்பகுதியை, அதாவது ரயரை.

நான் கலைப்பீட மாணவி. பனியைக் கண்ணால் கண்டதில்லை. இதில் இவளுக்கென்ன கதை என்று கேட்கலாம். ரயர் வெறும் மெக்கானிக் விசயமில்லை, அது கூலி விசயமும்தான் என்பதே என்ர கதை.

முதலில் ஒரு மூடநம்பிக்கையை உடைப்போம். ‘இது ஃபோர் வீல் ட்றைவ், பனியெல்லாம் பிரச்சினையில்லை.’ நாலு சில்லுக்கும் எஞ்சின் பலம் போனால் வண்டி லேசாகக் கிளம்பும், உண்மை. ஆனால் பிறேக் அடிக்கும்போது அது உதவாது. ஃபோர் வீலோ ரூ வீலோ, நிறுத்துவது தரையைப் பிடிக்கும் ரயர்தான். கிளம்பும்போது கிடைக்கிற அந்த நம்பிக்கைதான் ஆளை வேகமாக ஓட வைக்கிறது என்பதால், ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

சாதாரண ரயரின் ரப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால ரயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெதுமையாக இருக்கும்படி செய்யப்படுகிறது. பனியையும் ஐஸையும் கவ்வ அதில் மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். பெரிய பெரிய கட்டைகளோடு முரட்டுத்தனமாகத் தெரிகிற சேத்து ரயரில் அந்த வெட்டுகள் குறைவு, ரப்பரும் கடினம். படத்துக்கு நல்லா இருக்கும், ஐஸில் சறுக்கும்.

அடையாளம் ரயரின் பக்கத்திலேயே இருக்கிறது. ‘எம் பிளஸ் எஸ்’ என்பது பூவின் வடிவத்தை வைத்து மட்டும் போடப்படும் எழுத்து. மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ போட்ட சின்னம் இருந்தால்தான் அந்த ரயர் பனியில் சோதிக்கப்பட்டது. டொட் எழுத்துகளின் கடைசியில் வரும் நாலு இலக்கத்தையும் பாருங்கோ. 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது. செக்கண்ட் ஹாண்ட் ரயர் வாங்கும்போது பூ ஆழமாக இருந்தாலும் வயசு போயிருக்கலாம். இந்த இலக்கம் எங்கட ஊர் ரயர்களிலும் இருக்கும்.

பிக்கப்புக்குத் தனிக் கணக்கொன்றும் உண்டு. பாரம் ஏத்துகிற வண்டிக்கு ‘எல்ரி’ வகை ரயரும் தகுந்த சுமை வகுப்பும் வேண்டும். காருக்குப் போடுகிறதை மாட்டிவிட்டுப் பெட்டி நிறையச் சாமான் அடுக்கக்கூடாது. மறுபக்கம், பெட்டி வெறுமையாக இருந்தால் பின்பக்கம் பாரமில்லாமல் பின்சில்லு வழுக்கும். அதற்குத்தான் பின் அச்சுக்கு மேலே மண் மூட்டை வைத்து, அசையாமல் இறுக்கிக் கட்டுகிறார்கள்.

சங்கிலி கடைசி ஆயுதம். அது ஓடுகிற சில்லுக்கு, ரயரின் அளவுக்குச் சரியாக இருக்கவேணும். சில்லுக்கும் உடம்புக்கும் இடையில் இடமில்லாத வண்டிக்கு மெல்லிய வகைதான் பொருந்தும், அதை வண்டியின் கைநூல் சொல்லும். போட்டால் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. பனியில்லாத றோட்டு வந்ததும் கழட்டவேணும். கலிபோர்னியா மலைப்பாதைகளில் மூன்று கட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் நாலு சில்லிலும் பனி ரயர் போட்ட ஃபோர் வீல் வண்டி சங்கிலி மாட்டாமல் போகலாம், ஆனால் கையில் வைத்திருக்கவேணும். மூன்றாம் கட்டத்தில் எவருக்கும் விலக்கில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. முடிவெடுக்கிறது ஆர்?

ரயருக்குக் காசு குடுக்கிறது முதலாளி. அந்த ரயரில விடிய அஞ்சு மணிக்கு வேலைக்குப் போறது எங்கட பெடியன். ‘இந்த வின்ரரும் இதிலயே ஓடு, அடுத்த வருசம் பாப்பம்’ என்று சொல்லும்போது மிச்சம் முதலாளிக்கு, சறுக்கல் பெடியனுக்கு. முதலாளியும் தமிழர், பெடியனும் தமிழர் என்றால் ‘அண்ணை’ என்ற ஒரு சொல்லில் எல்லாம் அமுங்கிவிடும்.

கியூபெக் இதைத் தனியாள் விருப்பத்துக்கு விடவில்லை. அங்கே பதிந்த பயணிகள் வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். 2008இல் தொடங்கிய சட்டம் இது. எங்கட ஆக்கள் செறிந்து வாழும் ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயமில்லை. குளிர்கால ரயர் போட்டால் இன்சூரன்ஸ் கம்பனிகள் கழிவு தரவேணும் என்று 2016இல் ஒரு விதி வந்தது, அவ்வளவுதான். அந்தக் கழிவும் வண்டிச் சொந்தக்காரருக்குத்தான் போகும், ஓடுகிறவருக்கு இல்லை. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஒன்ராறியோச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பேப்பர் இன்னும் சரிவராத பெடியன் எந்தத் துணிவில் அதைக் கேட்பான்?

அதனால்தான் ஒன்ராறியோவுக்கும் கியூபெக் மாதிரி ஒரு சட்டம் வேண்டும் என்கிறேன். அது வரும்வரை அங்கே இருக்கிற எங்கட சங்கங்கள், ஊர் ஒன்றியங்கள் கலைவிழாவுக்கு மண்டபம் பிடிக்கிற அக்கறையில் கொஞ்சத்தை இதிலும் காட்டலாம். தமிழ் முதலாளிமாரிடம் ‘உங்கட வண்டியில் பனி ரயர் இருக்கோ?’ என்று கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இங்கே இருக்கிற நாங்களும் கேட்கலாம். அடுத்தமுறை ஆரும் பிக்கப் படம் போட்டால், ‘மாஸ்’ என்பதற்குப் பதிலாக ‘மச்சான், மலைச் சின்னம் இருக்கோ?’ என்று எழுதுங்கோ. இல்லை என்றால், ‘ஆர் மாத்தித் தரவேணும்?’ என்று அடுத்த வரியையும் எழுதுங்கோ.