பச்சைச் சுடர்

பெயில்ஸ்டீன் சோதனையை நாம் ஆய்வகத்தில் செய்திருக்கிறோம். தாமிரக் கம்பியில் குளோரின் உள்ள கரிமப் பொருளை வைத்துச் சுடரில் காட்டினால் பச்சை ஒளி தோன்றும், மதிப்பெண் கிடைக்கும். பழைய ஒயர்களைக் குவித்து எரிக்கும் குப்பைமேட்டிலும் அதே பச்சைச் சுடர்தான் எழுகிறது. மேலுறையான பி.வி.சி. எரிந்து ஹைட்ரஜன் குளோரைடு வருகிறது. தாமிரமே வினையூக்கியாகி டையாக்சின் உருவாகவும் துணைபோகிறது. அதை மூச்சில் வாங்குகிறவன் பெரும்பாலும் நம் வயதுப் பையன்!

ஏன் எரிக்கிறான்? உறையோடு விற்றால் விலை குறைவு. கத்தியால் உரிக்க ஒரு நாள் போகும். தீக்குச்சிக்குச் சில நிமிடம் போதும். அறியாதவன் என்று பழிப்பது எளிது. என் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்; அந்தப் பழிப்பில் என்னால் சேர முடியவில்லை.

விரட்டினால் நிற்குமா? கானா நாட்டு அக்ரா நகரில், ஒயர் எரிப்புக்குப் பேர்போன அக்போக்ப்லோஷி பழம்பொருள் சந்தையை 2021-இல் இடித்தார்கள். எரிப்பு பக்கத்து இடங்களுக்குப் போயிற்று.

மின்னணுக் கழிவு பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும் என்கின்றன, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகள். நல்லதே. ஆனால் திருத்தணியில் நம் வாசலுக்கு வருபவர் பழைய இரும்புக்காரர்தானே!

அவர் கைக்கு உரிக்கும் பொறி வரட்டும். கைப்பிடியைச் சுற்றினால் பிளேடு உறையைக் கிழிக்கும், அவ்வளவுதான். எரித்த தாமிரம் கறுத்து விலை இறங்கும். உரித்தது பளபளப்போடு கூடுதல் விலைக்குப் போகும். விசைத்தறிகளுக்கு உதிரிப் பாகம் கடையும் பட்டறைகளுக்கு இது பெரிய வேலையா? நகராட்சி ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்தால், முதல் மாதம் கைப்பிடி சுற்ற எங்கள் வகுப்பு வரும். ஹெட்போன் ஒயர் போன்ற மெல்லியவற்றுக்கு மட்டும் அது உதவாது. அவற்றைப் பொறியின் பக்கத்திலேயே ஒரு பெட்டியில் சேர்த்து மறுசுழற்சியாளருக்கு அனுப்பலாம்.